கைடு படங்களைச் சேமிக்க வேண்டாம்

எந்த கேமரா நல்ல கேமரா என்று கேட்டுக்கொண்டு கடைக்குள் நுழைகிறவர்களை நான் உட்காரக்கூடச் சொல்வதில்லை. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். நிலாவா, வியாழனா, தூரத்து நெபுலாவா? பாதிப் பேருக்கு அதற்கே பதில் தெரியாது. மைத்துனர் வாங்கியதைவிட ஒரு படி மேலே வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் தேவை. மதுரை மேலமாசி வீதியில் டெலஸ்கோப்புக்குப் பொருத்துகிற சின்ன கேமராக்களை முப்பது வருடமாக விற்கிறேன். காஜா பாய் வாய் பொல்லாதவன், ஆனால் அவன் சொன்ன கேமரா ஏமாற்றாது என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் ஏறியிருந்தது.

இது நடந்தபோது தலைக்கு மேலே சுற்றிய செயற்கைக்கோள்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தன. ஓரியனைப் படம் எடுத்தால் ஓரியன் தெரியாது. சிக்கெடுக்காத தலைமுடி போலக் குறுக்கும் நெடுக்கும் கோடுகள்தான் தெரியும். நொந்துபோய் டெலஸ்கோப்பைப் பரணில் ஏற்றியவர்கள் பல பேர். அப்போதுதான் துடைப்பு சிப் வந்தது. சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு சிப். வானத்தில் நிரந்தரமாக இருப்பவற்றின் பட்டியல் முழுவதும் அதற்குள் இருக்கும். பட்டியலில் இல்லாத எது குறுக்கே வந்தாலும், படம் நம் கைக்கு வருவதற்குள் துடைத்து எறிந்துவிடும். நம் பாட்டன்மார் பார்த்த கறுப்பு வானம் திரும்பக் கிடைத்தது. நான் குழந்தை மாதிரி குதித்தேன். இனி இந்த சிப் இல்லாத கேமராவைத் தொடாதீர்கள் என்று பத்திரிகையில் எழுதினேன். தென்மாவட்டங்களில் டெலஸ்கோப் வைத்திருந்த எல்லோரும் என் பேச்சைக் கேட்டார்கள்.

செண்பகவல்லி என் கடைக்கு வந்தது ஜூன் மாதம், ஒரு மதிய வேளையில். கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரவு டூட்டி முடித்து அப்படியே பஸ் ஏறி வந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எதைப் பார்க்க?

"எங்க வீட்டுக்காரக மேல இருக்காக, பாய். அவுக இருக்கிற வண்டியப் பாக்கணும்."

நான் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவள் கணவன் சுடலைமணி வெல்டர். கோவில்பட்டியில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தொழில் பழகி, பிறகு செயற்கைக்கோள்களைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியில் சேர்ந்து மேலே போனவன். நான்கு மாதம் மேலே, நான்கு மாதம் வீட்டில். ஆள் ஒருவன் படுத்து எழும் அளவுக்குச் சின்ன வண்டி. அதில் தனியாகப் போய் வேலை பார்த்துவிட்டு விண்வெளி நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். மார்ச் மூன்றாம் தேதி காலையில் ஏதோ ஒரு உடைசல் வண்டியில் மோதியது. ரேடியோ செத்தது. முதல் நாள் தொடர்பு இல்லை என்றார்கள். மறுநாள், மோதிய அந்த நொடியே உயிர் போய்விட்டது, வலி இருந்திருக்காது என்று கடிதம் வந்தது. உடலை எடுக்க வழியில்லை. வண்டி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்டுக்குள் விழுந்து எரிந்துவிடும்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அவன் எந்த நாளில் இறந்தான் என்று தெரிய வேண்டும். அடுத்த வருடம் தலைத்திவசம் வரும், திதி குறிக்க வேண்டும் என்று மாமனார் கேட்கிறார். மூன்றாம் தேதி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வண்டிக்குள் பத்து நாளைக்குக் காற்று உண்டு என்று அவனே சொல்லியிருக்கிறான். பக்கத்து நிலையத்திலிருந்து மீட்பு வண்டி வர இரண்டு நாள் போதும் என்றும் சொல்லியிருக்கிறான். அந்த நொடியே போய்விட்டது என்று எப்படித் தெரியும் என்று கம்பெனியில் போய்க் கேட்டாளாம். எங்கள் தரை கேமராக்களில் எந்த அசைவும் தெரியவில்லை என்றார்களாம்.

அவர்கள் கேமராவில் எப்படித் தெரியும்? ரேடியோ செத்த வண்டியை ஓடுகிறவற்றின் பட்டியலிலிருந்து எடுத்துக் குப்பைப் பட்டியலில் போடுவார்கள். குப்பையைத் துடைப்பதற்கென்றே அவர்கள் கேமராவிலும் அதே சிப், பட்டியல் மட்டும் வேறு. தாங்களே துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று கடிதம் எழுதியிருக்கிறார்கள். வேண்டுமென்று செய்த அயோக்கியத்தனமாக இருந்தால்கூட நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். துடைக்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருந்திருக்காது. எனக்கும் அது வரை இல்லை.

படம் எடுக்கிற எந்த கேமராவிலும் அந்த வண்டி தெரியாது என்று அவளிடம் சொன்னேன். துடைக்காத கேமராவே உலகத்தில் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். ஒன்று இருந்தது. என் கடையிலேயே கீழ்த் தட்டில் அட்டைப் பெட்டியில் கிடந்தது.

"டெலஸ்கோப்ல ரெண்டு கேமரா மாட்டுவோம்மா" என்றேன். "ஒண்ணு படம் எடுக்க. அதுக்கு அவசரமில்ல, அஞ்சு நிமிஷம் பாத்து, துடைச்சு, மெதுவாக் குடுக்கும். இன்னொண்ணு கைடு கேமரா. பூமி சுத்துதுல்ல, டெலஸ்கோப் அதோட சேந்து சரியாத் திரும்பணும். கைடு கேமரா ஒரே ஒரு நட்சத்திரத்தக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, அது மயிரளவு விலகினாலும் ரெண்டு செகண்டுக்குள்ள மோட்டாருக்குச் சொல்லணும். துடைச்சுக்கிட்டு உக்கார அதுக்கு நேரமில்ல. அதனால அதுல சிப் வைக்கல. கண்ணுல பட்டது அப்படியே வரும்."

"அப்ப அதக் குடுங்க."

"அந்தப் படத்த யாரும் பாக்குறதில்லம்மா. கறுப்பு வெள்ளைல புள்ளி புள்ளியா, கண்றாவியா இருக்கும்."

"நான் பாக்குதேன்" என்றாள்.

இரண்டு கைடு கேமராக்கள் இருந்தன. ஒன்றில் பிக்சல் சிறிது, நுணுக்கம் அதிகம். இன்னொன்றில் பிக்சல் பெரிது. நுணுக்கம் குறைவு, ஆனால் மங்கலான ஒளியையும் சட்டென்று பிடிக்கும், வேகமும் அதிகம். ஓடுகிற பொருளுக்கு இரண்டாவதுதான் என்று எடுத்துக் கொடுத்தேன். வேறு யாராவது கேட்டிருந்தால் அதை வாங்குகிறவன் முட்டாள் என்று சொல்லியிருப்பேன்.

வண்டியின் பாதையைக் கணக்குப் போட்டு, அன்று மாலையே கடை மொட்டை மாடியில் வானத்தை அகலமாகக் காட்டுகிற ஒரு சின்ன டெலஸ்கோப்பில் அந்த கேமராவைப் பொருத்தினோம். சூரியன் இறங்கி அரை மணி நேரம். கீழே சந்து முழுக்க ஸ்கூட்டர் சத்தம். திரையில் தென்மேற்கு மூலையிலிருந்து ஒரு புள்ளி ஏறி வந்தது. ஒளிர்ந்தது, மங்கியது, மறுபடி ஒளிர்ந்தது. உருண்டுகொண்டே போகிறது, அதனால் அப்படித் தெரிகிறது என்றேன். அவள் இடது கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். நோயாளியின் நாடியை எண்ணுகிற மாதிரி அந்த ஒளியை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பதினோரு செகண்டுக்கு ஒரு தடவை என்றாள். புள்ளி மறைந்த பிறகும் அங்கேயே நின்றாள். எனக்கு வெட்கமில்லாமல் அழுகை வந்தது.

அவளைக் கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. மார்ச் மாதத்திலும் எல்லோர் டெலஸ்கோப்பிலும் கைடு கேமரா ஓடியிருக்குமே? குறுக்கே போனால் அதில் விழுந்திருக்குமே?

வானம் பார்க்கிற எங்கள் குழுவில் அறுபது பேர். மார்ச் மாதக் கைடு படம் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். ஒவ்வொருவராக, இல்லை பாய், நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள் என்று பதில் போட்டார்கள். உண்மைதான். ஒரு மாலையில் கைடு கேமரா ஆயிரக்கணக்கில் படம் எடுத்துத் தள்ளும், கம்ப்யூட்டர் நிரம்பிவிடும். அதனால் நான் விற்கிற ஒவ்வொரு பெட்டியிலும் மஞ்சள் சீட்டு ஒன்று ஒட்டி வைத்திருப்பேன்: கைடு படங்களைச் சேமிக்க வேண்டாம். கீழே என் கையெழுத்து வேறு.

ஐம்பத்தொன்பது பேர் கீழ்ப்படிந்திருந்தார்கள். திருமங்கலத்தில் பல் டாக்டர் அமலோற்பவம் மட்டும் எல்லாம் இருக்கிறது என்றார். நீங்கள் ஒட்டிய சீட்டை யார் படித்தது என்று போனிலேயே சிரித்தார்.

மறுநாள் அவருடைய கிளினிக்கில், ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவே, இருவரும் அந்தப் படங்களைத் தேடினோம். வண்டி திருமங்கலத்துக்கு மேலே போன நேரங்களை நான் குறித்துக்கொண்டு போயிருந்தேன். எல்லா மாலையும் அகப்படவில்லை. ஏழு மாலை அகப்பட்டது, அதுவே குருட்டு அதிர்ஷ்டம்.

மார்ச் நான்கு: கோடு விட்டு விட்டு விழுந்திருந்தது. வண்டி வேகமாக உருள்கிறது. ஆறாம் தேதிப் படத்தில் கோடு ஒரே சீராக இருந்தது. அமலோற்பவத்துக்கு என்ன விஷயம் என்று புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அடிபட்டு உருள்கிற வண்டி இரண்டு நாளில் தானாக நிற்காது. உள்ளே இருந்து யாரோ நிறுத்தியிருக்கிறார்கள்.

எட்டாம் தேதிப் படத்தில் அந்தச் சீரான கோட்டின் மேல் பொட்டு பொட்டாக வெளிச்சம். மூன்று பொட்டு, ஒரு இடைவெளி, மூன்று பொட்டு, ஒரு இடைவெளி. பெரிதாக்கிப் பார்த்தோம். வெல்டிங் வேலைக்கு வெளிச்சம் காட்டுகிற பெரிய விளக்கைப் பூமிப் பக்கம் திருப்பி, போட்டு அணைத்துப் போட்டு அணைத்திருக்கிறான். கீழே எத்தனை ஆயிரம் பேர் டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். ஒருத்தர் கண்ணிலாவது படாதா என்று நினைத்திருக்கிறான். பத்தாம் தேதியும் அதே பொட்டுகள். பன்னிரண்டிலும் இருந்தன, இடைவெளி மட்டும் ஒழுங்காக இல்லை. பதிமூன்றாம் தேதி கோடு இருந்தது, பொட்டு இல்லை. பதினேழில் வண்டி மெல்ல உருள ஆரம்பித்திருந்தது.

அமலோற்பவம் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய், இன்று பார்க்க முடியாது என்று காத்திருந்த நோயாளிகளை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரைத் திறந்தேன். கைடு படங்களை நான் வைத்திருக்கவில்லை. ஆனால் கைடு செய்கிற மென்பொருள் தன் நாட்குறிப்பைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். அதை அழிக்க எனக்குத் தோன்றியதில்லை. மார்ச் எட்டு, மாலை 6 மணி 58 நிமிடம் 14 நொடி: நட்சத்திரம் தவறியது, வேறு ஒளி குறுக்கிட்டது. 6 மணி 58 நிமிடம் 31 நொடி: பயனர் புறக்கணித்தார். பயனர் நான்தான். எனக்கு அது நினைவிலும் இருந்தது. திரையில் சர்ரென்று ஒரு கோடு போனது, கைடிங் தடுமாறியது, சனியன் என்று வாய்விட்டுத் திட்டினேன். அன்றைக்கு எட்டாம் தேதி. அவன் பன்னிரண்டு வரை இருந்தான். மீட்பு வண்டிக்கு இரண்டு நாள் போதும்.

இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. அவளிடம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். அதற்குக் காரணங்களும் கண்டுபிடித்தேன். அந்த நொடியே போய்விட்டான் என்று நம்பினால் அவள் தூங்குவாள். ஒன்பது நாள் உயிரோடு இருந்து, விளக்கைக் காட்டிக் காத்திருந்தான் என்று தெரிந்தால் இந்த ஜென்மத்தில் தூங்கமாட்டாள். நல்ல காரணம்தான். அந்தக் காரணத்துக்குள் என் தப்பும் பத்திரமாக மறைந்திருந்தது என்பதை இப்போது ஒளிக்கப் போவதில்லை.

சனிக்கிழமை வந்தாள். பழைய படங்கள் கிடைத்தன, கம்பெனி சொன்னது சரிதான், மூன்றாம் தேதியே முடிந்துவிட்டது, திதியை அப்படியே குறித்துக்கொள்ளலாம் என்று ஒரே மூச்சில் சொன்னேன். டீ வரவழைத்திருந்தேன். அவள் டம்ளரைத் தொடவில்லை.

"பதினெட்டு வருசமா வார்டுல இருக்கேன், பாய். கஷ்டப்படாமப் போயிட்டாகன்னு சொந்தக்காரக கிட்ட நானே எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன். சொல்லும்போது என் மொகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "எந்தத் தேதி?"

சொன்னேன். ஏழு படங்களையும் வரிசையாக வைத்தேன். உருண்டது, நின்றது, விளக்கு, எல்லாம். பன்னிரண்டாம் தேதி மாலை வரை இருந்திருக்கிறார், பதிமூன்றாம் தேதி மாலைக்குள் போயிருக்கிறார், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். அவள் பத்தாம் தேதிப் படத்தை மட்டும் கையில் எடுத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பிள்ளைகளுக்குப் பரீட்சைன்னு பதினாறாம் நாள் காரியத்த எட்டாம் நாளே வச்சுட்டாக" என்றாள். "பத்தாம் தேதி சாயங்காலந்தான் எனக்குத் தாலி இறக்குனது. நான் வேண்டாம்னு சொன்னேன். இன்னும் எனக்கு மனசுக்கு வரலன்னு சொன்னேன். யாரும் கேக்கல."

படத்தைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வாசலில் நின்றேன். ஒரு மனிதன் உயிரோடு விளக்குக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறார்கள். ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி மாறியது, அவ்வளவுதான் நடந்தது.

உள்ளே போய், என் பங்கையும் மறைக்காமல் சொன்னேன். எட்டாம் தேதி 6 மணி 58. நாட்குறிப்பை அச்செடுத்து வைத்திருந்தேன், அவளிடம் நீட்டினேன். என்னைத் திட்டுவாள், அடித்தால்கூடப் பட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவள் இரண்டு வரிகளையும் படித்தாள்.

"ஐசியூல மிசினு சும்மா சும்மா கத்தும் பாய். ஒயரு நழுவினாலும் கத்தும், திரும்பிப் படுத்தாலும் கத்தும். நாங்களும் அமுக்கிட்டுப் போவோம்" என்றாள். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "எல்லாம் சும்மா கத்துனதுதானான்னு இன்னைக்கு வரைக்கும் நான் நெனச்சுப் பாக்கல" என்றாள்.

மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. விசாரணைக்கு மனுப் போடப் போகிறேன், நீங்கள் வந்து சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டாள். வருகிறேன் என்றேன்.

விசாரணை ஜூலைக் கடைசியில் சென்னையில் நடந்தது. வண்டி அதற்குள் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே எரிந்துவிட்டது. ஆதாரம் என்று கையில் இருந்தவை ஏழு படங்களும் ஒரு நாட்குறிப்பும்தான். கம்பெனி வக்கீல் மரியாதையான இளைஞர். இவை யாரும் பார்ப்பதற்காக எடுத்த படங்கள் அல்ல, மலிவான கேமரா, பொட்டுகள் கேமராவின் கோளாறாகவும் இருக்கலாம் என்று அடக்கமாகச் சொன்னார். அமலோற்பவம் அந்த மாலைகளில் திரையையே பார்க்கவில்லை, டெலஸ்கோப்பை ஓடவிட்டுவிட்டு ஜெபமாலைக்குப் போய்விட்டேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். அந்த வெளிச்சத்தை நேரில் கண்ட மனிதர் என்று ஒருவராவது இருக்கிறாரா என்று வக்கீல் கேட்டார்.

என் குழுவில் பாதிப் பேர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். செண்பகவல்லி முன்வரிசையில், தன் இரண்டு பையன்களுக்கு நடுவே இருந்தாள். நான் எழுந்து, பார்த்தேன் என்றேன்.

பார்த்துவிட்டு என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்டார்.

புறக்கணி என்ற பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன் என்றேன்.